அலகுத் தூள்

எங்கள் தீவின் தெற்குக் கரையில் இருக்கிற செமின் கிரனியே ஊரில் அலமேலு அக்காவைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வண்டிப் பட்டறை நடத்துகிற பெண் என்பார்கள் சிலர். புருஷன் போன பிறகும் பட்டறையை விற்க மறுத்த பிடிவாதக்காரி என்பார்கள் அவளுடைய கொழுந்தன்மார். அந்த வருஷத்துத் தைப்பூசக் காவடிக்குப் பிறகு, அவள் கை பட்டால் நெருப்புப் பற்றும் என்று சொல்கிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இந்தக் கடைசிப் பேச்சு எப்படிக் கிளம்பியது என்று எனக்குத் தெரியும். அப்போது நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். தெரியும் என்று எழுதிவிட்டேன். ஆனால் அந்த நாட்களில் எங்கள் யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இன்னொன்று நழுவியது.

அக்கா என் பெரியம்மாவின் மகள். சவான் வட்டாரத்தில் ஒரு சர்க்கரைத் தோட்டத்துக் குடியிருப்பில் பிறந்தவள். தோட்ட முதலாளிகள் ஓரத்து நிலத்தைத் துண்டு போட்டு விற்றபோது பெரியப்பா ஒரு துண்டு வாங்கிச் சொந்தமாகக் கரும்பு வைத்தார். அக்கா சிறு வயதிலிருந்தே களை எடுத்தாள், கரும்புக் கட்டுகளை வண்டியில் ஏற்றினாள். பிறகு ஒரு வண்டி ஆசாரிக்கு வாழ்க்கைப்பட்டாள். கல்யாணமான புதிதில் மாமனார் அவளைப் பட்டறைக்குள் விடவில்லையாம். ஒரு மழைக்காலத்தில் துருத்தி ஊத ஆள் வராமல் போனது. அவள் போய் ஊதினாள். அதற்குப் பிறகு அவளை வெளியே அனுப்ப யாராலும் முடியவில்லை. மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டும் நாளில், சிவந்து கிடக்கும் பட்டாவை எப்போது தூக்க வேண்டும் என்று அவள் வாய் திறக்கிற வரைக்கும் இடுக்கியோடு காத்திருப்பார்கள்.

பாரவண்டி சாய்ந்து அத்தான் இறந்தபோது பட்டறையில் நாலு ஆட்கள் வேலை செய்தார்கள். பொம்பளை சொல்லை எப்படிக் கேட்பது என்று மூன்று பேர் போய்விட்டார்கள். நின்றவன் க்ளெமான் மட்டும்.

க்ளெமான் ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல்காரன். கடற்கரைப் பாதையில் வீடு, ரோஸ் என்று ஒரு மனைவி, வாயில் எந்நேரமும் புகைக்குழாய். தீவின் கலப்புப் பிரெஞ்சான கிரியோலில்தான் பேசுவான். ஆனால் பட்டறைச் சாமான்களுக்கெல்லாம் தமிழ்ப் பெயர்தான் அவனுக்குத் தெரியும். உளி, துருத்தி, ஆரக்கால் என்று அத்தானிடம் கேட்டுப் பழகியவன். அக்காவைப் பிரெஞ்சு மரியாதையில் மாதாம் என்று கூப்பிடுவான். கூப்பிட்டுவிட்டு அவள் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வான். சக்கரம் நன்றாக வந்துவிடும். அவள் திட்டுவாள். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

நான் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் மடகாஸ்கர், டர்பன், மார்சேய் என்று சுற்றிவிட்டு, குழந்தைகள் வளர்ந்துவிட்டபடியால் திரும்பி வந்திருந்தேன். காவடி முடிகிற வரைக்கும் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வேறு குடும்பம், வேறு கப்பல் என்று கிளம்புவதாக யோசனை. ஒரே கூரையைத் தினமும் பார்த்தால் எனக்குக் கால் பரபரக்கும்.

இனி நெருப்பு.

காவடி எடுப்பவர்கள் கன்னத்திலும் நாக்கிலும் குத்திக்கொள்கிற, கோயிலுக்குச் சொந்தமான அலகுகளும் சின்ன வேல்களும் ஒவ்வொரு தை மாதமும் அந்தப் பட்டறைக்குத்தான் வரும். வருஷம் முழுவதும் கோயில் பெட்டியில் கிடந்து துருப்பிடித்திருக்கும். துருவை எடுத்து, முனையைச் சாணை பிடித்து, எண்ணெய் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அத்தானின் தாத்தா காலத்திலிருந்து வருகிற வேலை. அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அலகிலிருந்து உதிர்கிற தூள் காலில் மிதிபடக் கூடாது. ஒரு பொட்டு விடாமல் சேர்த்து வைத்து, திருவிழா முடிந்ததும் கடலில் விட்டுவிட வேண்டும். கரும்புக் கத்தியோ மண்கொத்தியோ சாணை பிடித்தால் தூள் தரையில் விழும், பெருக்கித் தள்ளிவிடுவார்கள். அலகுத் தூளுக்குத்தான் அந்த மரியாதை.

முன்பு இருந்தது பழைய மணற்கல். அதன் அடிப்பாகம் தண்ணீர்த் தொட்டியில் முங்கியபடி சுற்றும். தூள் சேறாகித் தொட்டியிலேயே தங்கிவிடும். அப்படியே கொண்டுபோய் ஊற்றிவிடலாம். அந்தக் கல் அந்த வருஷம் விரிசல் விட்டது. தலைநகரான போர்லூயிக்குப் போய் எமரி என்கிற புதுவிதச் சாணைக்கல் வாங்கி வந்தார்கள். காலால் மிதித்தால் பழைய கல்லைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும். கடைக்காரர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: இந்தக் கல்லில் தண்ணீர் படக் கூடாது. அக்கா தொட்டியை எடுத்துக் கொல்லையில் கவிழ்த்துவிட்டாள். கல் பக்கம் ஒரு சொம்புத் தண்ணீர்கூட வைக்க விடவில்லை.

அலகு வருகிற நாள் நெருங்கியபோதுதான் தூளை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. உலர்ந்த தூள் கடல்காற்றில் பட்டறை முழுக்கப் பறந்தது. அக்கா ஒரு மரப்பெட்டி செய்தாள். அடியில் மெத்தை மாதிரி மரத்தூள் பரப்பினாள். மேலே மஞ்சள் துணி விரித்தாள். விழுகிற தூள் துணியில் ஒட்டும், ஒட்டாதது மரத்தூளில் பதியும், காற்று தூக்காது. அலகு துடைத்த எண்ணெய்த் துணியும் மிதிபடக் கூடாதல்லவா, அதையும் அதே பெட்டியில் போடச் சொன்னாள். பெட்டியைக் கல்லுக்குக் கீழே வைத்து, மூலையில் சந்தனப் பொட்டும் வைத்தாள். எனக்குப் பெட்டி பிடித்திருந்தது. எல்லோருக்கும் பிடித்திருந்தது.

முதல் நாள் க்ளெமான் சாணை பிடித்தான். பொறி வாணம் மாதிரி பெட்டிக்குள் கொட்டியது. விழுந்த பொறி விழுந்த இடத்தில் கறுத்துப்போனது. சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டு அவன் போனான். விளக்கு ஏற்றுகிற நேரத்தில் நான்தான் முதலில் மோந்தேன். துணி கருகுகிற வாடை. நாங்கள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், பெட்டியிலிருந்து பாம்பு மாதிரி புகை எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா பெட்டியை இழுத்து முற்றத்தில் கவிழ்த்து மண்ணை அள்ளிப் போட்டாள்.

மறுநாள் காலையில் க்ளெமான் வந்ததும் வராததுமாக அக்கா கேட்டாள்.

"குழாயை எங்க தட்டின?"

"வெளியில. மாமரத்துக்கிட்ட."

"பொய் சொல்லாத."

"மாதாம், நான் பொய் சொல்றதுன்னா நல்ல பொய்யா சொல்ல மாட்டேனா? மாமரத்துக்கிட்டன்னு ஏன் சொல்லப்போறேன்?"

அதற்குள் கோயில் சபையிலிருந்து ஆறுமுகம் மாமா வந்துவிட்டார். அலகுகளுக்குப் பொறுப்பு அவர்தான். வயதானவர், நல்ல தமிழ் பேசுகிறவர் என்று ஊரில் பெயர். கவிழ்ந்து கிடந்த பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"குழாய் நெருப்புன்னா இத்தனை வருஷமா பட்டறை எரிஞ்சிருக்கணுமே அம்மா," என்றார். "போன வாரம்கூட இந்தக் கல்லுல மண்கொத்தி தீட்டினீங்க. என் கொத்தியும் அதுல இருந்துச்சு. அப்ப நெருப்பு வந்துச்சா?"

"இல்ல, மாமா."

"அலகு வந்த அன்னைக்குத்தான் வந்துச்சு. அலகைத் தொட்டவன் விரதத்துல இல்ல."

எல்லோரும் க்ளெமானைப் பார்த்தோம். அவன் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான்.

"நேத்து ராத்திரி நான் கருவாடு தின்னேன், உண்மைதான்," என்றான். "ஆனா அது கல்லுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் எனக்கும் மாமாவின் கேள்விதான் உறுத்தியது. மண்கொத்திக்கு வராத நெருப்பு அலகுக்கு ஏன் வர வேண்டும்? அதே கல், அதே ஆள், அதே பொறி. நான் கப்பலில் பார்த்ததைச் சொன்னேன். நிலக்கரிக் கிடங்கில் யாரும் தீ வைக்காமலே குவியல் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்ததையும், மாலுமிகள் அதை நாள் கணக்கில் வாரி வாரிப் போட்டதையும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"இங்க நிலக்கரி எங்கடி இருக்கு?" என்றாள்.

இல்லைதான். நான் பேச்சை விட்டுவிட்டேன்.

க்ளெமான்தான் ஒரு வழி சொன்னான். அலகு வேலை முடிகிற வரைக்கும் தானும் விரதம் இருக்கிறேன் என்றான். மீன் இல்லை, இறைச்சி இல்லை, ரம் இல்லை. குழாயையும் அக்காவிடமே கொடுத்துவிட்டான். "இப்ப யார் மேல பழி போடுறீங்கன்னு பாக்கலாம்," என்று சிரித்தான். சிரிப்பு உதட்டில்தான் இருந்தது. அவனுக்கு விஷயம் புரிந்திருந்தது. ஊரில் பாதிக் கூரைகள் கரும்புத் தோகை வேய்ந்தவை. நெருப்பு இவனோடு வருகிறது என்ற பேச்சு ஒரு முறை கிளம்பிவிட்டால் செமின் கிரனியேயில் மட்டுமல்ல, சவான் முழுக்க ஒரு பட்டறையிலும் அவனை உள்ளே விட மாட்டார்கள். வேறு வேலை அவனுக்குத் தெரியாது. கரும்பு வெட்டுகிற வயதும் இல்லை.

சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. க்ளெமான் பருப்பும் கீரையும் தின்று முகம் சுண்டி வந்தான். அக்கா புதிதாக மரத்தூள் பரப்பி, புதுத் துணி விரித்தாள். அவன் சின்ன வேல்களைத் தீட்டினான், நெருப்பு வரவில்லை. மறுநாளும் தீட்டினான், வரவில்லை. ஆறுமுகம் மாமா அவன் தோளைத் தட்டி, "பாத்தியா?" என்றார். விரதம்தான் காரணம் என்று நானும் ஏறக்குறைய நம்பிவிட்டேன்.

அப்புறம் நீளமான அலகுகளின் முறை வந்தது. துரு அதிகம். அன்று பூராவும் கல் சுற்றியது. எண்ணெய்த் துணி நிறையச் சேர்ந்தது. சாயங்காலம் க்ளெமான் எங்கள் கண் முன்னால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். பெட்டி ஜில்லென்று இருந்தது. போய்விட்டான். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது தெருவில் யாரோ கத்தினார்கள்.

இந்த முறை பெட்டியோடு நிற்கவில்லை. பக்கத்தில் காயப்போட்டிருந்த ஆரக்கால்களில் பிடித்து, கூரைத் தோகையின் ஒரு மூலைக்கு ஏறிவிட்டது. ஊரே திரண்டு வந்து தோகையைப் பிய்த்துப் போட்டது. கடற்கரைப் பாதையிலிருந்து க்ளெமானும் ஓடி வந்தான். வந்தவனை இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள்.

"வராத. நீ வந்தா இன்னும் எரியும்."

அதைச் சொன்னவர் யார் என்று இருட்டில் தெரியவில்லை. க்ளெமான் நின்ற இடத்திலேயே நின்றான்.

காலையில் ஆறுமுகம் மாமாவும் சபையிலிருந்து இன்னும் இருவரும் வந்தார்கள். அவன் திருட்டுத்தனமாக மீன் தின்றிருக்கிறான் என்றார் ஒருவர். இல்லை, விரதமே இருக்கட்டும், பிறத்தியான் தொடுவதுதான் சாமிக்குப் பிடிக்கவில்லை என்றார் மற்றவர். அப்படியானால் இத்தனை வருஷம் தொட்டது என்னவாம் என்று நான் கேட்டேன். இத்தனை வருஷம் சாமி பொறுத்துக்கொண்டது என்றார்.

"அலமேலு," என்றார் ஆறுமுகம் மாமா, "அவன் நல்லவன்னு எனக்கும் தெரியும். ஆனா நான் ஊர்க் கூரையைப் பாக்கணும். அவன் இருக்கிற பட்டறைக்கு இனிமே அலகு வராது. யோசிச்சுச் சொல்லு."

அக்கா யோசிக்கவில்லை. முற்றத்தில் மாமரத்தடியில் நின்ற க்ளெமானிடம் போனாள்.

"கொஞ்ச நாள் வீட்டுல இரு."

"கொஞ்ச நாள்னா?"

"காவடி முடியட்டும்."

"காவடி முடிஞ்சா நெருப்பு போயிடுமா, மாதாம்? இல்ல நான் போயிடுவேனா?"

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். குழாயைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் மறந்துவிட்டான்.

பட்டறைக்கு வந்திருந்ததில் மீதி அலகுகளை அக்காவே தீட்டுவதென்று முடிவானது. அவளும் விரதத்தில் இருந்தாள். பால்குடம் எடுக்க வேண்டியிருந்தது. விடிவதற்குள் தலை முழுகி, ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு, சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, பட்டறைக்குள் போனாள். அன்றைக்கு அந்தக் கல்லை அவளைத் தவிர வேறு யாரும் தொடவில்லை. நான்கூட வாசலில்தான் நின்றேன். மதியத்துக்குள் வேலை முடிந்தது. அலகுகளை மஞ்சள் துணியில் சுற்றிவைத்துவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் சாய்கிறபோது மறுபடியும் அந்த வாடை.

அவள் எனக்கு முன்னால் ஓடினாள். பெட்டியின் மேல்துணியில் ஒரு கறுப்பு வட்டம், நடுவில் ஓட்டை, ஓட்டைக்குள் சிவப்பு. வெளியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அக்கா கிணற்றடி வாளியை எடுத்துவந்து ஓங்கி வீசினாள். தண்ணீர் விழுந்த வேகத்தில் மரத்தூள் மொத்தமும் குபீரென்று மேலே எழும்பியது. எழும்பிய தூளே நெருப்பாகி, ஒரு நொடி அவள் முகத்துக்கு நேரே மஞ்சளாய் விரிந்து அணைந்தது. புருவமும் முன்நெற்றி மயிரும் பொசுங்கிவிட்டன. இரண்டாவது வாளியை நான் மெதுவாகச் சாய்த்து ஊற்றினேன். பெட்டி சீறிவிட்டு அடங்கியது.

முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு அவள் வெகுநேரம் அந்த ஈரப்பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன்.

"இரு," என்றாள். "நான் என்னடி தப்பு பண்ணேன்? குளிச்சேன். சாப்பிடல. மனசுலகூட ஒண்ணும் நெனைக்கல. அப்ப க்ளெமான் என்ன பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணலன்னா நெருப்பு ஏன் வருது? மண்கொத்திக்கு ஏன் வரல?"

அதுதான் எங்கள் எல்லோரையும் சுற்றிச் சுற்றி அடித்த கேள்வி. மண்கொத்திக்கு ஏன் வரவில்லை. அவள் அதையே இரண்டு மூன்று முறை முனகினாள். பிறகு எழுந்து போய், மூலையில் கிடந்த ஒரு பழைய மண்கொத்தியை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொத்திக்குப் பெட்டி வைக்கிறது இல்ல," என்றாள் மெதுவாக.

எனக்கு உடனே புரியவில்லை. அவளுக்கும் பாதிதான் புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்து அவள் செய்யப்போவதாகச் சொன்னது அவளையே பயமுறுத்தியது. அலகுக்குச் செய்தது மாதிரியே ஒரு பெட்டி, அதே மரத்தூள், அதே மஞ்சள் துணி, எண்ணெய்த் துணி. அதில் மண்கொத்தியின் தூளைப் பிடிப்பது. சாணியும் சேறும் பட்ட இரும்பை அலகு மரியாதையோடு தீட்டுவது. யாராவது பார்த்தால் கோயிலைக் கேலி செய்கிறாள் என்பார்கள். விரத நாட்கள் வேறு.

"வேண்டாம்கா," என்றேன்.

"அவனை நான்தானே அனுப்பினேன்," என்றாள்.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். அவள் மிதித்தாள். நான் கொத்தியைப் பிடித்துக்கொண்டேன். துரு சிவந்து பறந்தது. பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுவந்து, கூரையிலிருந்து தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறியது, இறங்கியது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்படியானால் அலகுதான், சாமிதான், நம் தலையெழுத்துதான் என்றாள்.

அடுத்த நாள் இன்னும் நேரம் தீட்டினோம். எண்ணெய்த் துணியைக் கூடப் போட்டோம். இந்த முறை மதியம் சாய்ந்ததும் துணியின் ஓரம் பழுப்பேறியது. அக்கா ஒரு இரும்புக் கம்பியை மரத்தூளுக்குள் விட்டு மெல்லத் தூக்கினாள். மேலே பச்சை மரத்தின் நிறம். அடியில் ஒரு கைப்பிடி அளவுக்குச் செக்கச்செவேலென்று கனல். விழுந்தபோது கறுத்துச் செத்துப்போன மாதிரி தெரிந்த பொறி, மரத்தூளுக்குள் படுத்துக்கொண்டு மணிக்கணக்கில் தின்றுகொண்டே போயிருக்கிறது.

"ஆண்டவா," என்றாள் அக்கா. "நாமதான் இதுக்கு மெத்தை விரிச்சோம்."

கொத்தியைத் தீட்டின முதல் நாள் ஏன் வரவில்லை, இரண்டாம் நாள் ஏன் வந்தது என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. எல்லாப் பொறியும் பிழைப்பதில்லை போலிருக்கிறது. எது பிழைக்கும் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அன்றைக்கே கடற்கரைப் பாதையில் நடந்தோம். ரோஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வழியை மறித்தாள்.

"வாங்க மாதாம், வாங்க. வந்து பாருங்க. வேலையை விட்டுத் துரத்தினீங்க, விரதத்தை ஏன் இங்க விட்டுட்டுப் போனீங்க? இன்னும் மீனைத் தொட மாட்டேங்குது இந்த ஆளு. கடலுக்குப் பக்கத்துல இருந்துகிட்டு நான் பருப்பு வேக வெச்சிட்டிருக்கேன்!"

உள்ளேயிருந்து க்ளெமான் வந்தான். அக்காவின் புருவம் இல்லாத முகத்தைப் பார்த்துத் திகைத்தான்.

"யார் பண்ணது?"

"பெட்டி."

அவள் நடந்ததைச் சொன்னாள். கிரியோலும் தமிழும் கலந்து, முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். மண்கொத்திக்குச் சந்தனப் பொட்டு வைத்ததைச் சொன்னபோது ரோஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். க்ளெமான் சிரிக்கவில்லை.

"அப்ப நான் வரலாம்ங்கிறீங்க."

"வரணும்ங்கிறேன்."

"அவங்க?"

"அவங்ககிட்ட நான் சொல்றேன்."

ஆறுமுகம் மாமா மறுநாள் கோயிலில் மிச்சமிருந்த அலகுகளோடு வந்தபோது, அக்கா கொத்திக்குச் செய்த பெட்டியையும் மண்கொத்தியையும் அவர் முன்னால் வைத்தாள். கம்பியால் கிளறி, கருகின குழியைக் காட்டினாள். இனிமேல் மரப்பெட்டி கிடையாது, மரத்தூள் கிடையாது என்றாள். அடியில் ஒரு தகரத் தொட்டி. அதில் பாதிக்குத் தண்ணீர். தண்ணீர் கல்லைத் தொடாது, தூள் மட்டும் விழும். எண்ணெய்த் துணிக்குத் தனியாக மூடி போட்ட டப்பா. ஆரக்கால், செதுக்கல், மரத்தூள் எல்லாம் அந்தப் பக்கச் சுவருக்கு. சாணை வேலை முடிந்தால் தொட்டி வெளியே முற்றத்துக்கு வந்துவிடும். கல் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் யாராவது பட்டறையில் இருந்து பார்ப்பார்கள்.

மாமா எல்லாவற்றையும் கேட்டார். தண்ணீர் சரிதான் என்றார். அந்தக் காலத்திலும் தண்ணீர்தானே. ஆனால் மண்கொத்தியைப் பார்த்த பார்வை மாறவில்லை.

"கொத்திக்கும் நெருப்பு வந்துச்சுன்னு நான் சபையில போய்ச் சொன்னா, கொத்தியை அவ ஏன் அப்படித் தீட்டினாள்னுதான் கேப்பாங்க. நெருப்பைப் பத்திக் கேக்க மாட்டாங்க. யாரு கையில வந்துச்சுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

அக்கா க்ளெமானைப் பார்த்தாள். அவன் கல்லின் தோல்வாரை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"என் கையில வந்துச்சுன்னு சொல்லுங்க," என்றாள்.

"அலமேலு, யோசிச்சுப் பேசு."

"என் கையிலதானே வந்துச்சு, மாமா? மூஞ்சைப் பாத்தாத் தெரியலயா? க்ளெமான் இல்லாத அன்னைக்கு, நான் குளிச்சு முழுகித் தீட்டின அன்னைக்கு வந்துச்சு. அதைச் சொல்லுங்க. அவன் பேரை விடுங்க."

சபை அவன் பெயரை விட்டுவிட்டது. அலகுகள் பட்டறையிலேயே தீட்டப்படலாம், க்ளெமான் தீட்டலாம், விரதத்தில் இருக்கிறவனாதலால் தடை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கூடவே இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்கள். நெருப்புத் தீண்டினவள் என்பதால் அலமேலு இந்த வருஷம் பால்குடம் எடுக்க வேண்டாம்.

செய்தியைக் கொண்டுவந்த மாமாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் சரி என்றாள். அவர் போனதும் உள்ளே போய், பால்குடத்துக்காகத் துலக்கி வைத்திருந்த செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு வருஷமும் விடாமல் எடுத்தவள்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து, தகரத் தொட்டியை முற்றத்தில் வைத்துவிட்டு, மூன்று பேரும் கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நான் இரண்டு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்தேன்.

"மாதாம்," என்றான் க்ளெமான் கடைசியில். "கொத்திக்கும் வந்துச்சுன்னு மட்டும் சொல்லியிருக்கலாம். நீங்க ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"கொத்திக் கதை அவங்களுக்குப் பிடிக்கல. யாராவது ஒரு ஆள் வேணும்."

"என் தலையிலதான் முதல்லயே இருந்துச்சே."

"உன் தலை வேலைக்குப் போகணும். என் தலை பட்டறையிலேயேதான் இருக்கும்."

அவன் தரையில் குச்சியால் கோடு இழுத்தான்.

"எனக்கு ஒண்ணு புரியல," என்றான். "கருவாடு தின்னவன் நான். நான் தீட்டலாம். பட்டினி கிடந்தவங்க நீங்க. நீங்க குடம் எடுக்கக் கூடாது."

"எனக்கு மட்டும் புரியுதா?"

"சரி. நெருப்புக்கும் மீனுக்கும் சம்பந்தம் இல்லன்னு ஆயிடுச்சு இல்ல? அப்ப இன்னைக்கு ராத்திரி நான் மீன் தின்னலாமா?"

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். புருவம் இல்லாததால் அது கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"அலகு வேலை முடியற வரைக்கும் வேண்டாம்."

"ஏன்? நீங்கதானே சொன்னீங்க..."

"சம்பந்தம் இல்லதான். இருந்தாலும் வேண்டாம்."

"அதை ரோஸ்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. என்னால முடியாது."

"சொல்றேன், வா," என்று அவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். வாசலைத் தாண்டிய பிறகுதான் என் நினைவு வந்தது போலிருக்கிறது. திரும்பி, "நீ எங்கயும் போயிடாத," என்றாள். "தொட்டி ஆறிப்போச்சான்னு பாத்துட்டு அப்புறம் கதவைச் சாத்து."

இருவரும் வழியெல்லாம் வாதாடிக்கொண்டே கடற்கரைப் பாதையில் இறங்கிப் போனார்கள். நான் எழுந்து நடக்காமல் தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.